உட்பூசலும் அயலுறவும்



ஒரு நாட்டின் அயலுறவைக் கெடுக்க அயலார் வரவேண்டுவதில்லை; உள்நாட்டுக் கட்சிப் பூசலே அதற்குப் போதும். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

1918 சனவரியில் உட்ரோ வில்சன் தம் 14 கூறுகளை வெளியிட்டார். நாட்டினங்களின் தன்னுரிமை பற்றிய அவர் பேச்சை, அடிமைப்பட்டுக் கிடந்த மக்களெல்லாம் செவிமடுத்தனர். (ஐரோப்பிய வல்லரசுகளின் குடியேற்ற நாடுகளுக்கு அவ்வுரிமை அப்போது கிட்டவில்லை என்பது வேறு செய்தி.) அவ்வாண்டு அக்தோபரிலோ, தம் கட்சிக்கே பெரும்பான்மை தருமாறு அவர் மக்களை வேண்டினார். மக்கள் ஈரவைகளையும் எதிர்க்கட்சியிடம் ஒப்படைத்தனர். அதன் பின்னும், பாரிசு மாநாட்டிற்கு மேலவை உறுப்பினர் ஒருவரையேனும் அவர் உடனழைத்துச் சென்றாரில்லை. உடன்படிக்கைக்கு அம் மேலவையில் மூன்றில் இருபங்கு ஒப்புதல் வேண்டும் என்பதை அவர் அறியாதவரா?

மேலவை அயலுறவுக் குழுத்தலைவர் என்றி கேபட் லாட்சு, வில்சன்பால் தீராக் காழ்ப்புடையவர். உடன்படிக்கை முழுவதையும் குழுவில் இரு கிழமைகள் உரக்கப் படித்தே காலங்கடத்தினார்! பின்னர் 14 வரையறைகளைச் சேர்த்தார். அவற்றோடு உடன்படிக்கையை ஏற்க வில்சன் மறுத்தார். மக்களிடமே முறையிட ஊர் ஊராகச் சென்றவர், 1919 அக்தோபரில் இடப்பக்கம் செயலிழந்து வீழ்ந்தார். படுக்கையிலிருந்தபடியே, வரையறைகளோடு கூடிய உடன்படிக்கையை எதிர்த்து ஒப்போலையிடுமாறு தம் கட்சியினர்க்குச் சொல்லியனுப்பினார். நவம்பர் 19-இல் சார்பாக 39, எதிராக 55. 1920 மார்ச்சு 19-இல் 49-உம் 35-உம்; ஏழே ஒப்போலைகள் குறைவு! அவர் கண்ட உலக நாடுகள் கழகத்தில் அவர் நாடே அமரவில்லை.

பூசல் அவர்களுடையது, இழப்போ பிரெஞ்சு நாட்டிற்கு. இரைன் ஆற்றுக்கு மேற்கிலுள்ள நிலத்தைச் செருமனியிடமிருந்து பிரிக்க வேண்டும் என்றிருந்தார் கிளெமென்சோ. செருமனி மீண்டும் தாக்கினால் அமெரிக்காவும் இங்கிலாந்தும் துணைவரும் என்ற உறுதியை நம்பியே அதனைக் கைவிட்டார். அவ்வுறுதியை அமெரிக்க மேலவை ஆய்வுக்கே எடுக்கவில்லை. அமெரிக்கா ஒப்பினால்தான் செல்லும் என்றிருந்த இங்கிலாந்தின் உறுதியும் உடன் மாய்ந்தது.

இவ்விழிநிலை வில்சனோடு ஒழியவில்லை. 2015-இல் ஈரானோடு செய்த அணு உடன்பாட்டிற்கு மூன்றில் இருபங்கு கிடைக்காதென்பதால், ஒபாமா அதனை உடன்படிக்கையாக மேலவைக்குக் கொண்டுசெல்லவே இல்லை. ஈரான் சொன்னபடி நடந்துவருவதாகப் பன்னாட்டு அணுவாற்றல் முகமையே கூறியிருந்தும், 2018 மே 8-இல் திரம்பு அதிலிருந்து விலகினார். மறு ஆண்டே ஈரான், ஒப்பிய வரம்பை மீறிச் செறிவூட்டிய யுரேனியத்தைச் சேர்க்கத் தொடங்கிற்று.