தலை அறியும் சுமையும் செவி அறியாச் சுமையும்



மனிதன் உடம்பில் அணியும் பொருள்களுக்கெல்லாம் இரண்டு கடமைகள் உண்டு. காண்பவர் கண்ணுக்கு அழகாக இருத்தல் ஒன்று; அணிந்தவர் உடம்பை வருத்தாதிருத்தல் மற்றொன்று. முன்னதைக் கடைக்கு வெளியே நின்றே அறிந்துகொள்ளலாம். பின்னதை அறிய ஒரு மணி நேரமேனும் அப்பொருளை அணிந்து பார்க்க வேண்டும். செருப்புக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பொருந்தும் இவ்வுண்மை, இக்காலத்து இளைஞர் பலரின் தலையை அலங்கரிக்கும் ஹெட்போன் என்னும் கருவிக்கு மிகவும் பொருந்தும். அதன் வடிவழகைப் பற்றியும், அது தரும் சுகத்தைப் பற்றியும், அச்சுகத்துக்குள் மறைந்துள்ள ஓர் இடரைப் பற்றியும் உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

தொடக்க காலத்தில் இக்கருவி தலையில் மாட்டும் பொருளாகவே எங்கும் வழங்கியது என்று எண்ண வேண்டா. 1895ஆம் ஆண்டு முதல் லண்டன் மாநகரில் எலக்ட்ரோபோன் என்றொரு சேவை நடைபெற்றது. அரங்கில் நிகழும் நாடகத்தையும் இசையையும் தொலைபேசிக் கம்பியின் வழியே சந்தாதாரர்கள் வீட்டிலிருந்தபடி கேட்டார்கள். கேட்பவர் மோவாய்க்குக் கீழே ஒரு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அதிலிருந்து மேலெழும் இரு முனைகளையும் காதுகளில் பொருத்திக்கொள்வார். நாகரிக மாந்தரின் கைக்கு ஏற்ற நேர்த்தியான பொருள்தான்; ஆயினும் நாடகம் முடியும்வரை அந்தக் கைக்கு ஓய்வு ஏது?

1910ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் என்பவர், தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். கடற்படையினருக்கு அழகைப் பற்றிய கவலை இல்லை. கம்பியில்லாத் தந்தியின் மெல்லொலி தெளிவாகக் கேட்க வேண்டும். பணிநேரம் முழுவதும் தலை அதைத் தாங்க வேண்டும். ஆகவே தோலுறையிட்ட இரண்டு கம்பிகள் தலைக்கு மேலே வளைந்து சென்றன. காதுக் கிண்ணங்களை மேலும் கீழும் நகர்த்தித் தலையின் அளவுக்கு இசைத்துக்கொள்ள வழி இருந்தது. இன்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் ஹெட்போன்களைக் கூர்ந்து நோக்குங்கள். அதே வளைவும் அதே நகர்த்தும் அமைப்பும் அவற்றில் இருக்கக் காண்பீர்கள். நூறாண்டு கடந்தும் மாறாத அவ்வடிவத்தைத் தந்தது தலையின் தேவையேயாகும்.

அத்தேவை யாது? தலையின் மேல் வளையும் பட்டை உண்மையில் ஒரு வில். அதன் இறுக்கம் குறைந்தால் கருவி நழுவும். மிகுந்தால் காதுமடல் நோகும். மூக்குக் கண்ணாடி அணிந்தவர் படும் பாடு இன்னும் பெரிது. கண்ணாடியின் காம்பு காதுக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்டு எலும்பின்மேல் அழுந்தும். இதற்குத் தீர்வு நீங்கள் பௌதிகப் பாடத்தில் படித்ததே. விசை ஒன்றாயினும் அது பரவும் பரப்பு விரிந்தால் அழுத்தம் குறையும். புத்தகப் பையின் தோள்பட்டையை அகலமாகத் தைப்பது இதனாலேயே. தலைப்பட்டையை அகலமாக்குவதும், காதைச் சுற்றி மெத்தை வைப்பதும், கிண்ணம் முகத்தின் சாய்வுக்கேற்பத் திரும்புமாறு கீல் பொருத்துவதும் இவ்விதியின் வழிப்பட்டவையே.

மெத்தையிலும் ஒரு சிக்கல் உண்டு. தோலுறை வெளி ஓசையை உள்ளே விடாது. உள்ளே உண்டாகும் வெப்பத்தையும் வியர்வையையும் வெளியே விடாது. துணியுறை காற்றோட்டம் தரும். ஆனால் முழவின் அதிர்வு போன்ற தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே கசிந்து மெலிந்துவிடும். ஒன்றைப் பெற மற்றொன்றில் சிறிது விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். அவ்வாறு விட்டுக்கொடுக்கும் அளவை அறிந்தவரே நல்ல வடிவமைப்பாளர்.

1968ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் துணிவான ஒரு முடிவு செய்தது. அதன் எச்டி 414 என்னும் ஹெட்போனில் காதுக் கிண்ணத்தின் முதுகு திறந்தே இருந்தது. காதின்மேல் மெல்லிய நுரைப்பஞ்சு மட்டும் அமர்ந்தது. வெளி ஓசை உள்ளே வந்தாலும், காதுக்குக் காற்றும் தலைக்கு இலேசும் கிடைத்தன. ஒரு கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் அது விற்பனையாயிற்று. அதன் மஞ்சள் நிறப் பஞ்சு ஓர் அழகுச் சின்னமாகவே நிலைபெற்றுவிட்டது.

1979ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மன் என்னும் கையடக்க ஒலிநாடாக் கருவியை வெளியிட்டது. அக்காலத்து ஹெட்போன்கள் 300 முதல் 400 கிராம் வரை எடையுள்ளவை. வாக்மனோடு வந்ததோ ஏறக்குறைய 50 கிராம்தான். நாற்காலியில் அமர்ந்து கேட்டவர் எழுந்து நடக்கத் தொடங்கினார். நடந்தவரைத் தெருவே கண்டது. ஹெட்போன் ஓர் அணியாக மாறிய காலம் அதுவே.

பின்னர் வந்தவை நீங்கள் அறிந்தவை. 2001இல் ஐபாட் கருவியோடு வந்த வெண்ணிறக் கம்பி, 2003 முதல் வெளிவந்த விளம்பரங்களில் கரிய நிழலுருவங்களின்மேல் தனித்து ஒளிர்ந்தது. 2008இல் பீட்ஸ் ஹெட்போன்கள் பளபளக்கும் வண்ணங்களில் வந்தன. 2014இல் ஆப்பிள் நிறுவனம் 300 கோடி டாலருக்கு அந்நிறுவனத்தை வாங்கியது. 2020இல் அதே ஆப்பிள் வெளியிட்ட ஏர்பாட்ஸ் மேக்ஸ், அலுமினியக் கிண்ணங்களும் எஃகுச் சட்டமும் கொண்டு 384.8 கிராம் எடையோடு வந்தது. எச்டி 414உம் வாக்மனும் இறக்கி வைத்த சுமை, செல்வத்தின் அடையாளமாகத் தலைக்குத் திரும்பிவிட்டது. அச்சுமையைப் பரப்புவதற்கென்றே உச்சியில் ஒரு வலைத்துணியை அமைக்க வேண்டியதாயிற்று. அணிந்தவர் தம் ஹெட்போனின் அழகைக் காண்பதில்லை; காண்பவர் அதன் எடையை உணர்வதில்லை. வாங்குங்கால் இதனை நினைவிற்கொள்வது நலம்.

இனி, முதலில் குறிப்பிட்ட இடருக்கு வருகிறேன். உடம்பின் நோவு ஒரு காவலாளி. கனத்த ஹெட்போனை மாட்டியவர் கழுத்து வலியெடுத்து ஒரு மணி நேரத்தில் கழற்றி வைத்தார். அவர் செவியும் ஓய்வு பெற்றது. மெத்தென்ற, இலேசான ஹெட்போன் அந்தக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. காலையில் மாட்டியவர் மாலைவரை அதனை மறந்தே இருக்கிறார். ஆனால் உட்செவியில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் ஓயாது உழைக்கின்றன. மிகுந்த ஒலியால் அவை சிறிது சிறிதாக நலியும்போது தலைக்கு நோவு தெரிவதில்லை. அழிந்தவை மனிதனுக்கு மீண்டும் முளைப்பதும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என வரையறுத்துள்ளது. ஒலி 3 டெசிபெல் ஏறும்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகும். 90 டெசிபெல்லில் வாரம் முழுவதற்கும் 4 மணி நேரமே. இந்தக் கணக்கை எந்த மெத்தையும் மாற்ற இயலாது.

ஆயினும் அறிவியல் இங்கும் துணை நிற்கிறது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒருவரின் மைந்தர் அமர் போஸ், 1978இல் விமானத்தில் பயணம் செய்தபோது, இரைச்சலுக்கு எதிரான அலையை எழுப்பி அவ்விரைச்சலை அடக்கும் முறையைச் சிந்தித்தார். 1989இல் விமானிகளுக்கான கருவியாக அது விற்பனைக்கு வந்தது. பேருந்தின் இரைச்சலை வெல்வதற்காக ஒலியை உயர்த்தும் தேவை இம்முறையால் குறைகிறது. ஆனால் அதே அமைதி சாலையில் வண்டியின் ஒலிப்பையும் மறைத்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

ஆகவே, நண்பர்களே, ஹெட்போன் வாங்கச் செல்லும்போது வண்ணத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். கண்ணாடி அணிபவராயின் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். தலையைக் குனிந்தும் திரும்பியும் பாருங்கள். கூடுமாயின் சிறிது நேரம் அணிந்திருங்கள். தலைக்கு உறுத்தாத ஒன்றைத் தேர்ந்த பின்னர், மணிக்கொரு முறை அதனைக் கழற்றி வைக்கும் பழக்கத்தையும் உடன் தேர்ந்துகொள்ளுங்கள். தலைக்கு வேண்டிய சுகத்தைச் செய்தளிப்பது வடிவமைப்பாளரின் கடமை. செவிக்கு வேண்டிய ஓய்வை அளிக்க வேண்டியவர் அதனை அணிந்தவரேயாவார்.