வெற்றியும் திருவருளும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெற்றியும் திருவருளும் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். கல்வியாலும் அநுபவத்தாலும் என்னினும் மிக்கார் பலர் இச்சபையில் வீற்றிருக்க, அடியேன் இதற்கு இசைந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. இவ்விஷயத்தில் நான் பிழை செய்தவன். அப்பிழையை இறுதியில் உங்கள்முன் விண்ணப்பித்துக் கொள்வேன்.

ஒரு காரியம் கைகூடியவுடன் "எல்லாம் ஆண்டவன் செயல்" என்கின்றோம். அது நல்ல வார்த்தையே. ஆயினும், தன்னைத் தாழ்த்திக்கொள்பவனும் அவ்வார்த்தையைச் சொல்லுகின்றான். தன்னை ஒருவரும் கேள்வி கேளாதிருக்க விரும்புபவனும் அதனையே சொல்லுகின்றான். வாய்ச்சொல் ஒன்றாயினும் உள்ளக்கிடக்கை வேறு. இவ்விரண்டையும் பகுத்தறிவது எங்ஙனம் என்பதே இன்று நாம் சிந்திக்கத்தக்கது.

வெற்றி மாத்திரமே திருவருளுக்கு அடையாளம் ஆகுமோ? வாதாபியிலிருந்து அரசாண்ட சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, வடக்கே ஹர்ஷவர்த்தனனைத் தடுத்து நிறுத்தினான். தெற்கே பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுக்கினான். கி.பி. 634-ஆம் ஆண்டு ஐஹொளெயில் பொறிக்கப்பட்ட சாசனம் இவ்வெற்றிகளை வானளாவப் புகழ்கின்றது. ஏறக்குறைய எட்டாண்டுகள் கழிந்து, 642-ஆம் ஆண்டளவில், பல்லவர் சேனை அந்த வாதாபியையே அழித்தது. பல்லவரிடத்திலேனும் அந்நகரம் நிலைத்ததோ? அதுவும் இல்லை. புலிகேசியின் மைந்தன் முதலாம் விக்கிரமாதித்தன் அதனை மீட்டுக்கொண்டான். வென்றவன் பக்கமே தெய்வம் என்போமாயின், தெய்வம் நாள்தோறும் பக்கம் மாறுகின்றது என்றன்றோ சொல்ல நேரும்?

அப்படியாயின் எதைக்கொண்டு அறிவது? வாதாபியை அழித்த சேனாபதி பரஞ்சோதியாரிடத்திலேயே விடை கிடைக்கின்றது. திருச்செங்காட்டங்குடியில் தோன்றிய அவரே பின்னர்ச் சிறுத்தொண்டர் எனப் பெயர் பெற்றவர். யானைகளும் குதிரைகளும் நிதிக்குவியலும் கொண்டு அவர் மீண்டபொழுது, இத்துணைப் பெரிய வெற்றி எங்ஙனம் வாய்த்தது என்று அரசன் வியந்தான். அவர் சிவபெருமானுக்கு அன்புபூண்ட தொண்டர், ஆதலின் அவரை எதிர்ப்பார் இலர் என்று அமைச்சர்கள் கூறினர். அரசன் நடுங்கி, இறைவன் தொண்டரைப் போர்முனைக்கு ஏவிவிட்டேனே என்று அவரிடம் பொறுக்க வேண்டினான். அப்பொழுது அப்பெரியார், "ஆம், என் பக்திதான் வென்றது" என்று சொன்னாரில்லை. தம் மரபுக்கு உரிய கடமையைச் செய்ததாகவும், அதனால் தீங்கொன்றும் இல்லை என்றுமே விடையிறுத்தார். அவரிடத்துத் திருவருளைக் கண்டவர்கள் பிறர். அவர் கண்டது தம் கடமையை மட்டுமே. சகோதரர்களே! இஃது முதல் அடையாளம் எனக் கொள்ளுங்கள்.

இரண்டாவது அடையாளத்தைப் பூசலார் வரலாற்றிற் காணலாம். தொண்டைநாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த அவ்வந்தணர் சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க விரும்பி எங்கும் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை வருவித்து, அடிநிலை தொடங்கிச் சிகரமும் மதிலும் திருக்குளமும் ஈறாக ஒவ்வொன்றையும் முறைப்படி அமைத்துப் பிரதிஷ்டைக்கு நாளும் குறித்தார். அதே நாளைக் காடவர் கோமானும் தான் காஞ்சியில் எடுத்த கற்றளிக்குக் குறித்திருந்தான். அவ்வாலயம் இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி எழுப்பிய கயிலாசநாதர் கோயில் என்பர் ஆராய்ச்சியாளர். இன்றும் அதன் சிற்ப அழகைக் கண்டு மெய்ம்மறவாதார் இல்லை.

பிரதிஷ்டைக்கு முன்னாள் இரவு, இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் எண்ணி எடுத்த ஆலயத்தில் நாளை நாம் புகுவோம், நீ வேறு நாளிற் செய்வாயாக என்று பணித்தருளினார். அரசன் என் செய்தான்? "என் கோயில் கல்லால் ஆனது, என் செல்வம் பெரிது, நாள் மாற்றுதல் எனக்கு இழுக்கு" என்று எண்ணினானில்லை. தானே திருநின்றவூர் சென்று, பூசலார் எடுத்த கோயில் எங்கே என்று வினவினான். அப்படி ஒரு கோயில் இங்கு இல்லை என்றனர் ஊரார். அரசன் அதனோடு நில்லாது பூசலாரையே தேடிக் கண்டு, உண்மை உணர்ந்து, நிலமுற வீழ்ந்து வணங்கி மீண்டான்.

இவ்வரலாற்றை நமக்கு அருளிய சேக்கிழார் பெருமான் சோழர் அமைச்சராய் இருந்தவர் என்பது மரபு. அதிகாரத்தின் மயக்கத்தை அருகிருந்து கண்டவர் அவர். தான் பெற்ற வெற்றியினுள்ளே பிறர் செய்த பணியைத் தேடிச்சென்று காண்பவனே திருவருளைக் கண்ட தலைவன் என்பதை இவ்வரசன்பால் வைத்துக் காட்டினார் என்பது என் துணிபு. ஊரார் இல்லை என்ற இடத்திலும் தேடினான் என்பதை மறவாதீர்கள்.

இனி என் பிழை. பல ஆண்டுகளுக்கு முன் நமது மாணவர் விடுதியின் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஓராண்டு மழை பொய்த்து, சந்தா வருவது நின்றது. ஆயினும் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறும் தப்பவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, "ஆண்டவன் ஊட்டினான்" என்று பெருமிதத்துடன் கூறினேன். சபையோர் கரகோஷம் செய்தனர். இளைஞர் ஒருவர் எழுந்து வரவுசெலவுக் கணக்கைக் கேட்டார். "தெய்வ காரியத்திற் கணக்கா?" என்று சினந்து அவரை உட்காரச் செய்தேன்.

கணக்கை அன்றே பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். மளிகைக் கடையில் மூன்று மாதக் கடனைத் தம் பெயரில் ஏற்றுக்கொண்டு, மனைவியின் கம்மலையும் அடகுவைத்து அடுப்பெரித்தவர் விடுதிச் சமையற்காரர். அவர் நம் குலத்தவரும் அல்லர். நம் பிள்ளைகள் பசித்திருக்கலாகாது என்பதன்றி அவருக்கு வேறு நோக்கமில்லை. அவர் காலமான பின்னரே கடைக்காரர் வாயிலாக இதனை அறிந்தேன். அவ்வாண்டு அச்சிட்ட அறிக்கையில் நன்கொடையாளர் வரிசையின் தலையில் என் பெயர் இருக்கின்றது; அவர் பெயர் எங்குமில்லை. ஆண்டவன் ஊட்டினான் என்று நான் சொன்னது பொய்யன்று. அவன் எந்தக் கையால் ஊட்டினான் என்று தேடாததே என் குற்றம்.

அம்மனைவியாருக்கு உரிய தொகையை என்னால் இயன்றவாறு செலுத்திவிட்டேன். ஆயினும் கடன் தீர்ந்ததாக என் நெஞ்சம் ஒப்பவில்லை. ஆதலால் இச்சபையை இரண்டு வேண்டுகின்றேன். விடுதிச் சுவரிலுள்ள கல்வெட்டில் என் பெயர் இருக்கும் இடத்தில், அவர் குடும்பத்தார் இசைவு பெற்று, அவர் பெயரைப் பொறிக்க வேண்டும். இனி நம் சங்கத்தில் எவரேனும் கணக்குக் கேட்டால், அவரைத் தெய்வ நிந்தனை செய்தவராக எண்ணாது, எழுந்து நின்று விடை கூறவேண்டும்.

அன்று நான் உட்காரச் செய்த இளைஞர் இன்று நரைத்த தலையினராய் இச்சபையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் என்னைப் பொறுத்தருள்வாராக. எல்லாம் வல்ல இறைவன் நமக்கு வெற்றியைத் தந்தாலும் தராவிடினும், அவன் திருக்கரம் எவர் கையில் இருந்து உழைக்கின்றது என்று காணும் கண்ணைத் தந்தருள்வானாக.