ரசம் போன கண்ணாடி

நிலைக்கண்ணாடியின் மூலையில் கருமை படர்ந்தால், 'ரசம் போய்விட்டது' என்று நம் வீடுகளில் சொல்லுகிறோம். ரசம் என்பது பாதரசம். ஆனால், இன்று கடையில் வாங்கும் கண்ணாடியின் முதுகில் பாதரசம் இல்லை. பொருள் போனபின்னும் சொல் நம்மிடம் தங்கிவிட்டது. அது வந்த கதையையும் போன கதையையும் அறியுமுன், ஒரு சிறு வினாவைப் பார்த்துவிடுவோம்.

சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், தன்மீது விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. பூச்சற்ற சன்னல் கண்ணாடியோ ஏறத்தாழ நூற்றில் எட்டுப் பங்கையே திருப்புகிறது. ஆயினும், இருட்டிய பிறகு சன்னலில் நம் முகம் தெரிகிறது; சுவரில் தெரிவதில்லை. ஏன்? படுகோணமும் மீள்கோணமும் சமம் என்று ஒப்பிக்கும் மாணவர் பலர் இவ்விடத்தில் திகைத்து நிற்பதை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். விதி சுவருக்கும் உண்டு. ஆனால் சுவரின் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு திசை நோக்கிச் சாய்ந்திருப்பதால், மீளும் கதிர்கள் சிதறிவிடுகின்றன. பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியைக் காற்றில்லாத காலைப் பொழுதில் பாருங்கள்; கரை மரங்கள் தலைகீழாகத் தெரியும். சிற்றலை எழுந்தவுடன் அவை உடைந்து போகும். நீர் அதே நீர்தான், சமதளம்தான் குலைந்தது.

எவ்வளவு சமமாக இருக்கவேண்டும்? ஒரு மில்லிமீட்டரை 2,000 கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே ஒளியலையின் நீளம். மேடுபள்ளங்கள் அதனினும் மிகச் சிறியவையாக இருக்கவேண்டும். உலோகத்துக்கு மெருகிடுவோர் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி, வரவர நுண்ணியதற்கு மாறி, இறுதியில் துணிச் சக்கரத்தில் தேய்ப்பது இதற்காகத்தான். 1964-ஆம் ஆண்டு தொடங்கிய எங்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பக்கம் வாழ்வோருக்கு அந்தச் சக்கரத்தின் ஓசை புதிதன்று.

மெருகு மட்டும் போதுமா? போதாது. உலோகத்தினுள்ளே எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் திரியும் எலெக்ட்ரான்கள் உள்ளன. வரும் ஒளி அவற்றை அசைக்கிறது. அசைந்த அவை ஒளியை உள்ளே விடாமல் வெளியே திருப்புகின்றன. செம்பும் பொன்னும் நீல நிறத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் சிவந்தும் மஞ்சளாகவும் மின்னுகின்றன. வெள்ளி எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒப்பத் திருப்புகிறது.

ஆகவே, முகம் பார்க்கும் கண்ணாடியில் முகம் காட்டுவது உலோகமே. சிந்துவெளி மக்கள் செம்பிலேயே முகம் பார்த்தார்கள். கேரளத்து ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கி இன்றும் கண்ணாடி செய்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கோயில் பணிக்குச் சென்ற கைவினைஞரின் வழிவந்த தொழில் அது என்பது மரபு. அதன்மீது விரல் நுனியை வைத்தால், விரலும் நிழலும் ஒட்டி நிற்கும். நம் வீட்டுக் கண்ணாடியில் இரண்டுக்கும் இடையே சிறிது வெளி இருக்கும். உலோகம் கண்ணாடியின் பின்னால் இருப்பதே காரணம்.

ஐரோப்பாவில் வெள்ளீயத் தகட்டின்மீது பாதரசத்தை ஊற்றி, அதைக் கண்ணாடியின் பின்புறம் ஒட்டச் செய்தார்கள். நம் 'ரசம்' அதுவே. அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கிற்று; பல் உதிர்ந்தது; பலர் உடல் நலிந்து மாண்டனர். சீமாட்டிகள் அழகு பார்த்த கண்ணாடிகளுக்கு இவ்வளவு பெரிய விலை! 1835-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து வெள்ளியைக் கண்ணாடியின்மேல் படியவைக்கும் வழியைக் கண்டார். அவ்வழி பரவப் பரவப் பாதரசம் பட்டறைகளை விட்டு நீங்கிற்று.

1930-களில் அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் முறை வந்தது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1986-இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்ற தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடிக்கும் அலுமினியப் பூச்சுத்தான். அங்கே பூச்சு முன்புறத்தில் இருக்கிறது. விண்மீனின் ஒளி கண்ணாடிக்குள் நுழைவதே இல்லை.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இரவெல்லாம் ஓடும் லாரிகளின் முகப்பு விளக்குகள் பலவற்றிலும் இதே அலுமினியப் பூச்சு உண்டு. ஈரமும் தூசியும் புகுந்து அது மங்கினால், புதுப் பல்பு போட்டாலும் சாலையில் வெளிச்சம் விழாது. ஓட்டுநர் மூன்றாவது பல்பு வாங்குவார். சிலர் விளக்கைப் பிரித்துத் துணியால் அழுத்தித் துடைப்பார்கள்; எஞ்சியிருந்த பூச்சும் கீறிப்போகும். அந்த விளக்கின் பிரதிபலிப்பானையே மாற்றவேண்டும்.