முத்திரையும் நாவும்



'சாக்கே' என வழங்கும் ஜப்பானிய அரிசி மதுவை மதிப்பிடுவோர் ஒரு தனிக் கிண்ணத்தைக் கையாளுகின்றனர். வெண்பீங்கானால் ஆன அதன் உள்ளடியில் இரண்டு நீல வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாக வரையப்பட்டிருக்கும். பாம்பின் கண் என்பது அவ்வளையங்களின் பெயர். வெண்மையின்மீது மதுவின் நிறத்தையும், நீலத்தின் விளிம்பில் அதன் தெளிவையும் காண்பர். கண்ணுக்குப் பின்னரே மூக்கு. மூக்குக்குப் பின்னரே நா. சிறிதளவை வாயிலேற்று, நாவெங்கும் பரப்பி, மணத்தை மூக்கின் வழியே வெளிவிட்டு, இறுதியில் உமிழ்ந்துவிடுவர்.

கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் மன்றத்தில் இப்பேச்சு எதற்கு என்னும் ஐயம் எழலாம். ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் குடியன்று. ஒன்றன் நயத்தை அறிந்து தரங்கூறும் உரிமை யாருக்கு உரியது என்பதே வினா. கவிஞர்களுக்கு இவ்வினா புதிதன்று.

அரிசி மது தமிழுக்கும் அயலன்று. குற்றாத அரிசியைக் கூழாக்கி ஆற்றி, முளையிடியைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்ட மதுவைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அங்கே முளை செய்யும் பணியை ஜப்பானில் 'கோஜி' என்னும் பூஞ்சை செய்கிறது. ஆவியில் வெந்த அரிசியில் வளரும் அது மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். அச்சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். இவ்விரண்டும் ஒரே தொட்டியில் ஒரே வேளையில் நிகழ்வதே சாக்கேயின் தனித்தன்மை. ஆதலின் அது ஏறத்தாழ 20 விழுக்காடு வரை வலுப்பெறும். பெரும்பாலும் நீர் கலந்து 15, 16 விழுக்காட்டுக்குத் தணிப்பர்.

பெரும்பாணாற்றுப்படையின் அரிசி குற்றாதது என்பது கருதத்தக்கது. சாக்கேயின் வகைப்பாடோ அரிசியைத் தீட்டுவதிலேயே தொடங்குகிறது. அரிசியின் புறப்பகுதியில் கொழுப்பும் புரதமும் மிகுதி. அவற்றை நீக்கி, 60 விழுக்காடோ அதனினும் குறைவாகவோ எஞ்சவிட்டு ஆக்குவது 'கின்ஜோ'. 50 விழுக்காடோ அதனினும் குறைவாகவோ எஞ்சின் 'தைகின்ஜோ'. குளிர்ந்த நிலையில் மெல்ல நொதிக்கும் இவற்றில் வாழைப்பழ மணமோ ஆப்பிள் மணமோ எழும். எப்பழமும் அதில் சேர்வதில்லை. ஈஸ்ட் ஈன்ற மணமே அது. அரிசி, கோஜி, நீர் ஆகியவற்றோடு வேறு சாராயம் சேராதது 'ஜுன்மாய்'. மணத்தை வெளிக்கொணரவும் சுவையை மென்மையாக்கவும் சிறிது சாராயம் சேர்த்தது 'ஹொன்ஜோசோ'.

இவற்றுக்கு எதிர்முனையில் நிற்பது 'கிமோத்தோ'. பனிக்கால இரவுகளில் தொழிலாளர் தொட்டிகளைச் சூழ்ந்து நின்று, சோற்றையும் கோஜியையும் நீண்ட கோல்களால் அரைத்து, இயற்கையில் உள்ள பால்புளிப்பு நுண்ணுயிர்களை வரவழைக்கும் பழைய முறை அது. அரைக்குங்கால் பாட்டுப் பாடுவர். கடிகாரம் இல்லாத கூடத்தில் பாட்டின் நீளமே காலத்தின் அளவு. தொழிற்பாடல்களை ஆராய்வோர் இதனை உற்றுநோக்க வேண்டும். 1909-இல் அரைக்கும் பணி வேண்டாவெனக் கண்டு அதனை விலக்கிய முறை 'யமஹாய்'. இவ்விரண்டும் புளிப்பும் செறிவும் மிக்கவை. முதல் மிடற்றில் நாவை இணங்கவைப்பதில்லை. பல்லாண்டு முதிர்ந்த 'கோஷு' பொன்னிறங் கடந்து தேனிறம் கொள்ளும். கொட்டைப்பருப்பையும் காய்ச்சிய சர்க்கரையையும் நினைவூட்டும்.

இத்துணை வேறுபாடுகளையும் ஒருகாலத்தில் அரசு மூன்று படிகளில் அடக்கியது. போர்க்காலத்தில் தோன்றிய தரமுறை பின்னர்ச் சிறப்புத் தரம், முதல் தரம், இரண்டாம் தரம் என நிலைபெற்றது. உயர்தரத்துக்கு உயர்வரி. தேர்வுக்கு அனுப்பப்படாத மது எத்துணைச் சிறந்ததாயினும் இரண்டாம் தரமே. மியாகி மாநிலத்தின் இச்சினோகுரா என்னும் ஆலை 1977-இல் தன் மதுவைத் தேர்வுக்கு அனுப்பாமலே விற்றது. 'முகான்சா', அதாவது 'தேர்வுறாதது' என்பதையே அதற்குப் பெயராகச் சூட்டி, உண்மையில் மதிப்பிடுவோர் அருந்துவோரே என்ற கருத்தைப் புட்டியின்மீதே அச்சிட்டது. தாழ்ந்த படியை விரும்பி ஏற்று, அதன் வரிக்குறைவால் விலையையும் குறைத்த அச்செயலில் வணிகக் கூர்மையும் உண்டு. தன் ஆக்கத்தின்மீது கொண்ட துணிவும் உண்டு. தரப்படிகள் 1992-இல் முற்றிலும் நீங்கின.

முத்திரை நீங்கிய இடத்தில் எண் வந்து அமர்ந்தது. எஞ்சிய அரிசி 50 என்றால் நன்று, 23 என்றால் மிக நன்று என்னும் எண்ணம் பரவிற்று. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக எஞ்சும்படி தீட்டிய அரிசியிலும் இன்று சாக்கே ஆக்குகின்றனர். தீட்டுந்தோறும் மணம் தூய்மையுறும் என்பது மெய். அரிசியின் சுவை அகலும் என்பதும் மெய்யே. தீட்டல் ஓர் ஆக்கமுறையைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது. நறுமணத் தைகின்ஜோவைச் சூடேற்றி அருந்துவோர் அதன் மணத்தை இழப்பர். யமஹாயை உறையும் குளிரில் அருந்துவோர் அதன் செறிவை அறியார்.

சூட்டின் நிலைகளுக்கு ஜப்பானியர் இட்ட பெயர்கள் கவிஞர் செவிக்கு உரியவை. 5 பாகை பனிக்குளிர். 10 பாகை மலர்க்குளிர். 30 பாகை வெயிற்சூடு. 35 பாகை மனித மேனிச்சூடு. ஒரே மது இவ்வேறுபட்ட நிலைகளில் வேறுவேறாகச் சுவைக்கும். இப்பெயர்கள் உணர்த்தும் அளவுக்கு வெற்றெண்கள் உணர்த்துமா என்பது ஐயமே. நாதா பகுதியின் வன்னீரில் ஆன மதுவை ஆண் மது என்றும், ஃபுஷிமியின் மென்னீரில் ஆனதைப் பெண் மது என்றும் கூறும் வழக்கும் உண்டு. அவ்வழக்கு நாவுக்கு எதையும் அறிவிப்பதில்லை. வன்னீர், மென்னீர் என்றாலே போதும்.

சுவைஞர் வழங்கும் இன்னொரு சொல் 'கிரே'. வெட்டு என்பது பொருள். விழுங்கியபின் சுவை இழுபடாமல் தூய்மையாய் அற்றுப்போவதே கிரே. ஐக்கூவில் ஓரிடத்தில் சொல்லோட்டத்தை அறுத்து நிறுத்தும் இயல்புக்கும் அதுவே பெயர். ஐக்கூவைத் தமிழில் எழுதுவோர் மூன்றடியை எண்ணுமளவுக்கு இவ்வெட்டை எண்ணுவதில்லை. அற்றுப்போகும் இடம் நன்றாயின் முன்னர் வந்த சுவை முழுமையுறும் என்பதைச் சாக்கே சுவைப்போர் ஒவ்வொரு மிடற்றிலும் சோதிக்கின்றனர்.

ஜப்பானியக் கவிதையில் மதுவுக்கு இருண்ட பக்கமும் உண்டு. சாக்கேயைப் பற்றிய தன்காப் பாடல்களால் புகழ்பெற்ற வகயாமா பொகுசுய் 1928-இல், தம் 43-ஆம் அகவையில், ஈரல் கெட்டு மாண்டார். அவர் பாடல்களின் நயத்தைப் பேசுவோர் இதனை மறைப்பது நேர்மையாகாது.

அவருக்கு ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் முற்பட்டவர் ஒத்தோமோ நோ தபிதோ. கியூஷு தீவின் தசாய்ஃபுவில் ஆளுநராயிருந்தவர்; அங்குச் சென்ற சிறிது காலத்திலேயே மனைவியை இழந்தவர். மதுவைப் போற்றி அவர் பாடிய 13 பாடல்கள் மன்யோஷு தொகுப்பின் மூன்றாம் பகுதியில் உள்ளன. அவற்றுள் முதற்பாடல் பயனற்ற கவலைக்கு மாற்றாக ஒரு கிண்ணம் மதுவைக் கூறுகிறது. அது தெளிந்த மதுவன்று, கலங்கல் மது. தெளிந்ததை மெய்ஞ்ஞானி என்றும் கலங்கியதை அறிஞர் என்றும் மறைபெயரால் வழங்கிய சீனக் கதையை அடுத்த பாடலிலேயே நினைவுகூரும் தபிதோ அவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். அறிந்தே கலங்கலை முன்வைத்தார். 'நிகோரி' என்னும் பெயரில் அக்கலங்கல் வகை இன்றும் விற்பனையில் உண்டு. பாம்பின் கண்ணில் ஊற்றினால் நீல வளையங்கள் புலப்படா.