தண்ணீருக்கும் ஒரு இருப்புக் கணக்கு

(நாசரேத்தில் கூட்டமைப்பு உறுப்பினர்களிடையே பேசியது)



குழுக் கூட்டம் முடியுமுன்னே வரவு, செலவு, இருப்பு மூன்றையும் வாசித்து நோட்டில் எழுதிவிடுகிறோம். நிலத்தடி நீரும் நம் சேமிப்புதான். மழை வரவு, மோட்டார் இறைப்பது செலவு. ஆனால் இருப்பை மட்டும் நாம் எழுதி வைப்பதில்லை.

ஆகாயத்திலிருந்து அந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். 2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து ‘கிரேஸ்’ என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. அவை 2017 வரை வேலை செய்தன. அடுத்த ஜோடி 2018 மே மாதம் போனது.

“மண்ணுக்குள்ளே இருக்கிற தண்ணி போட்டோவிலே எப்படித் தெரியும்?” என்று கேட்பீங்க. இது போட்டோ இல்லை, எடை. நிறைகுடமா, வெறுங்குடமா என்று நம் இடுப்புக்குத் தெரியும் அல்லவா? அதுபோல, தண்ணீர் கூடிய இடத்தில் பூமியின் ஈர்ப்பு கொஞ்சம் கூடும், வற்றினால் குறையும். இரண்டு கோள்களும் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கனமான இடம் வந்தால் முன்னே போவது முதலில் இழுக்கப்படும். அப்போது இடைவெளி தலைமுடி கனத்தைவிடக் குறைவாக மாறினாலும் கருவி கண்டுபிடித்துவிடும். அதை வைத்துத்தான் தண்ணீர் கூடியதா, குறைந்ததா என்று மாதாமாதம் கணக்கிடுகிறார்கள். அதில் அணை, குளம், மண்ணின் ஈரம் இவற்றைக் கழித்தால் நிலத்தடி நீரில் ஏற்பட்ட மாற்றம் கிடைக்கும்.

இப்படிக் கணக்குப் பார்த்து 2009-இல் ஒரு செய்தி வந்தது. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டதாம். மேட்டூர் அணையை 40 தடவைக்கு மேல் நிரப்பும் தண்ணீர் அது! இத்தனைக்கும் அந்த வருடங்களில் மழை ஏறக்குறைய வழக்கம்போலத்தான் பெய்தது. வரவு குறையவில்லை, செலவுதான் மிஞ்சிவிட்டது.

நம் பக்கம் என்ன நிலைமை? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடும் வயலும் மூழ்கியதை மறக்க முடியுமா? ஆனால் அவ்வளவும் சேமிப்பில் ஏறவில்லை. வேகமாக வந்த வெள்ளம் கடலுக்குத்தானே ஓடியது. நாம் கடலோர மாவட்டத்துக்காரர்கள். கடற்கரைப் பக்கம் மண்ணுக்குள்ளே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவரும். கிணறு ஒருமுறை உவர்ந்துபோனால் மீட்பது லேசில்லை.

செயற்கைக்கோள் நம் கிணற்றைப் பார்க்குமா? பார்க்காது. பல மாவட்டங்களைச் சேர்த்துத்தான் அதனால் எடை போட முடியும். நம் ஊர்க் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு கயிறு, ஒரு கல், ஒரு டேப் போதும். ஒவ்வொரு குழுவும் ஊரில் ஒரு திறந்த கிணற்றைத் தேர்ந்துகொள்வோம். மாதம் ஒரே தேதியில், காலையில் மோட்டார் போடுமுன்னே, கைப்பிடிச் சுவரின் ஒரே இடத்திலிருந்து கயிற்றை இறக்குவோம். கல் தண்ணீரைத் தொட்டதும் கயிற்றைப் பிடித்து, எத்தனை அடி என்று அளப்போம். தண்ணீரை வாயில் விட்டு உப்பு கூடியிருக்கிறதா என்றும் பார்ப்போம். இரண்டையும் தீர்மான நோட்டிலே தேதி போட்டு எழுதுவோம்.

ஒரு வருடம் எழுதினால் நம் கிணறு எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். மூன்று வருடம் எழுதினால் கிராமசபையில் நோட்டை விரித்து வைத்து, “எங்க ஊரில் தண்ணி இத்தனை அடி இறங்கியிருக்கு, குளத்தைத் தூர்வாருங்க” என்று தைரியமாகக் கேட்கலாம். கணக்கோடு பேசுகிறவர்களை யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. அடுத்த கூட்டத்துக்கு முன்னே முதல் அளவை எடுத்துவிடுவோமா?