சாலையில் நடப்பவனின் தற்காப்பு உரிமை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் வக்கீல் இல்லை. பம்பும் வால்வும்தான் என் பிழைப்பு. ஆனால் 2024 நவம்பரில் ஒரு மாலை, குடையால் ஒரு காரை அடித்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே படித்த பாடத்தைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

என் அப்பாவுக்கு அப்போது 73 வயது. மூட்டுவலிக்காரர். கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜீப்ரா கோட்டில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தேன். பாதி தூரம் வந்திருப்போம். ஒரு கார் வந்தது. முதலில் ஹாரன். பிறகு எஞ்சினை உறுமவிட்டு ஒரு அடி முன்னே வந்து நின்றது. மறுபடி ஒரு அடி. "வழிய விடு பெருசு!" என்று ஒரு சத்தம். அப்பாவால் வேகமாக நடக்க முடியாது. மூன்றாவது முறை பம்பர் அவர் முழங்காலில் பட்டது. தடுமாறி பானெட் மேல் கையை ஊன்றினார். கார் அப்போதும் நகர்ந்தது. நான் குடையால் பானெட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கார் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அப்பாவைப் பிளாட்பாரத்தில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு அடி. சைடு கண்ணாடி உடைந்து தொங்கியது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி: "சார், ரெண்டாவது அடி அடிக்கும்போது வண்டி நகர்ந்துக்கிட்டு இருந்துச்சா, நின்னுக்கிட்டு இருந்துச்சா?"

எனக்குப் பதில் வரவில்லை, நண்பர்களே. வைவாவில் கூட அப்படி விழித்ததில்லை.

வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. சாரம் பெரிதாக மாறவில்லை. எனக்குப் புரிந்தவரை நாலே விஷயம்தான்.

ஒன்று, நம் உடம்பை மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் உடம்பையும் காப்பாற்ற உரிமை உண்டு. அப்பா என்றில்லை, முன்பின் தெரியாத ஒரு பாட்டியாக இருந்தாலும் சரி.

இரண்டு, அடிபட்ட பிறகுதான் உரிமை பிறக்கும் என்பதில்லை. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் வந்தாலே போதும். அந்த அச்சம் இருக்கும்வரைதான் உரிமையும் இருக்கும்.

மூன்று, தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அதற்காக ஆபத்து நேரத்தில் தராசு பிடித்து நிறுக்கச் சொல்லவில்லை. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தாக்கப்படுகிறவன் கணக்குப் போட்டுப் படிப்படியாகத் தற்காத்துக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறது.

நான்கு, போலீஸை நாட நேரமிருந்தால் இந்த உரிமை கிடையாது.

இப்போது என் குடைக்கு வருவோம். முதல் அடி, நகர்கிற வண்டியை நிறுத்த அடித்தது. அதைத் தற்காப்பு என்று தலைநிமிர்ந்து சொல்வேன். இரண்டாவது அடி, நின்றுவிட்ட வண்டியின் மேல் விழுந்தது. அதற்குப் பெயர் கோபம். சட்டத்தில் அதற்குச் சொத்துச் சேதம் என்று வேறு பிரிவு இருக்கிறது.

இதில் எனக்கு உறைத்தது கண்ணாடியின் விலை அல்ல. மனித உயிருக்கு ஆபத்தாக வண்டி ஓட்டினால் 281-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவும் இருக்கிறது. அந்த மனிதர் மேல் புகார் கொடுக்க எங்களுக்கு முழு நியாயம் இருந்தது. நான் உடைத்த கண்ணாடி அந்த நியாயத்தின் வாயை அடைத்துவிட்டது. "நீயும் விடு, நானும் விடுறேன்" என்று சமரசத்தில் முடிந்தது. அப்பாவின் முழங்கால் வீக்கம் மட்டும் மூன்று வாரம் இருந்தது.

ஆட்டோவில் வரும்போது அப்பா சொன்னார்: "மொத அடி எனக்காக அடிச்சே. ரெண்டாவது உனக்காக அடிச்சேடா." சட்டப் புத்தகம் பல பக்கத்தில் சொன்னதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

ஆனால் ஓர் எஞ்சினியராக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஊர்ந்து வந்த கார் என்பதால்தான் குடை வேலை செய்தது. டிரைவர் பார்த்து, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கி.மீ. வேகத்தில் அந்த விநாடியிலேயே வண்டி 14 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 14 மீட்டர். மொத்தம் 28. அதுவே 30 கி.மீ. என்றால் மொத்தமே சுமார் 13 மீட்டர்தான். ஒரு டன் இரும்பு அந்த வேகத்தில் வரும்போது தற்காப்பு உரிமை ஏட்டில்தான் இருக்கும். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் 32,825 பேர் நடந்துபோகும்போது வாகனம் மோதி இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கையை ஓங்கவாவது நேரம் கிடைத்திருக்கும்?

ஆகவே நடப்பவனின் உண்மையான தற்காப்பு, ரோட்டின் அமைப்பில்தான் இருக்கிறது. நம் கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நல்ல நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. உத்தரவும் இருக்கிறது, அளவும் இருக்கிறது. கேட்பதற்கு ஆள்தான் வேண்டும்.

நம் மெயின் கேட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கேண்டீன் டீ பிடிக்காமல் எதிர்க்கடைக்கு ஓடாதவர் இந்த ஹாலில் யார்? அன்று அது இருவழி ரோடு. இன்று நான்கு வழி. அழிந்துபோன வெள்ளைக் கோட்டை நம்பித்தான் நம் ஜூனியர் பிள்ளைகள் தினமும் கடக்கிறார்கள். கேட் முன்னால் பிளாட்பார மட்டத்துக்கு உயர்த்திய ஒரு கடவைப் பாதை போட்டால், வண்டி தானே வேகம் குறையும். குடைக்கு வேலை இருக்காது. நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு தயாரித்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும் முன் எல்லோரும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் இன்று கார் வைத்திருக்கிறோம். இந்த விழா முடிந்து கேட்டைத் தாண்டும்போது, குறுக்கே யாராவது மெதுவாகக் கடந்தால், ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு அரை நிமிடம் நில்லுங்கள். அவர் யாரோ ஒருவருடைய அப்பா.