பகாதது வேறு, பிரியாதது வேறு



நாமக்கல் பக்கம் கணக்கு நடத்துகிறவர்கள் துணைக்கருவி தேடி அலைய வேண்டியதில்லை. சத்துணவுக் கூடத்தில் காலியாகக் கிடக்கும் முட்டை அட்டை போதும். குறுக்கே 6, நெடுக்கே 5, ஆக 30 குழிகள். மூலைக் குழியில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். அடுத்ததை ஒரு குழி வலமும் ஒரு குழி கீழுமாகத் தள்ளி வையுங்கள். ஓரம் வந்துவிட்டால் எதிர் ஓரத்திலிருந்து தொடருங்கள். முப்பதாவது கொட்டையோடு எல்லாக் குழியும் நிரம்பிவிடும். எந்தக் குழியும் இரண்டு முறை வராது.

ஒரு வரிசையைக் கத்தரித்து 6-க்கு 4 ஆக்கினால், 24 குழிகளில் 12 நிரம்பியதுமே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவோம். 6, 4 ஆகியவற்றின் மீ.சி.ம. 12 அல்லவா? பிறகு 2-க்கு 2. இரண்டே கொட்டையில் ஆட்டம் முடிந்தது.

காரணிச் செடி வரைந்து பழகிய பிள்ளை இங்கே நிமிர்ந்து பார்க்கும். "சார், 30-ஐ 5, 6-ன்னு பிரிச்சா சரியா வருது. 4-ஐ 2, 2-ன்னு பிரிச்சா மட்டும் ஏன் வரல?" என் வகுப்பில் இதைக் கேட்டவள், மெல்லக் கற்போர் பட்டியலில் பெயர் இருந்த மாணவி. இது பாடத்தில் இல்லை என்று சொல்லி உட்கார வைத்துவிடலாம். ஆனால் அவள் கேட்டதன் பின்னால் கணிதத்தின் ஒரு பெருந்துறையே நிற்கிறது.

பத்தாம் வகுப்பின் மட்டு எண்கணிதத்தை நினைவுகூருங்கள். மட்டு 6-ல் 0, 3 என்பது ஒரு தனிக் குடும்பம். 0, 2, 4 இன்னொன்று. முதற்குடும்பத்தில் ஒன்றும் இரண்டாவதில் ஒன்றும் எடுத்துக் கூட்டினால் 0 முதல் 5 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு வழியில் கிடைக்கும். ஆகவே 6 பிரிகிறது. மட்டு 4-ல் 0, 2 ஒரு குடும்பம். அதற்கு இணையாக நிற்க 1-ஐ எடுத்தால் 1+1=2 என்று முதற்குடும்பத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது; 3-ஐ எடுத்தாலும் அதே கதைதான். உள்ளே ஒரு பகுதி உண்டு, ஆனாலும் இரண்டாகப் பிரியாது. மட்டு 3-க்கு உள்ளே பகுதியே கிடையாது. நாம் பகா எண்ணைச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்த நடுத்தர வகையைச் சொல்வதில்லை.

இந்தப் பிரியாத துண்டுகளைக் கொண்டு 16 உறுப்புகள் உள்ள எபீலியன் குலங்களை எத்தனை வகையாகக் கட்டலாம்? 16; 8, 2; 4, 4; 4, 2, 2; 2, 2, 2, 2. ஐந்தே வகை. 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. 4-ஐக் கூட்டலாக எழுதும் வழிகளும் ஐந்துதான்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. அப்படியே 9-ஐ எழுத 30 வழிகள். அதாவது 512 உறுப்புகளுக்கு 30 வகை, ஒரு முட்டை அட்டை நிறைய!

இந்த எண்ணிக்கையை ஆராய்ந்தவர் நம் ஊருக்கு உறவுள்ளவர். 1887-ல் ஈரோட்டில் பிறந்த இராமானுஜனின் குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். 1918-ல் அவரும் ஹார்டியும் தந்த சூத்திரத்தின்படி 200-ஐக் கூட்டலாக எழுதும் வழிகள் 39,72,99,90,29,388. மக்மாஹன் கையால் போட்டு வைத்திருந்த விடையும் அதுவே. 4, 9, 14 என 4-இலும் 9-இலும் முடியும் எண்களுக்கெல்லாம் இந்த எண்ணிக்கை 5-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதும் இராமானுஜன் கண்டதே.

எண்களை விட்டு அணிகளுக்கு வந்தாலும் கதை தொடர்கிறது. அடுக்கை உயர்த்திக்கொண்டே போனால் பூச்சிய அணியாகிவிடும் 4×4 அணிகளும் அடிப்படையில் இதே ஐந்து வகைதான். முடிவுறு பரிமாண அல்ஜீப்ராக்களின் பிரதிநிதித்துவக் கோட்பாடு இத்தகைய பிரியாத துண்டுகளைத் தேடும் துறை. பெயர் மிரட்டும், நம் பேருந்து நடத்துநருக்கு இது பழகிய கணக்கு. சேலம், மல்லூர், ராசிபுரம், நாமக்கல் என மூன்று ஸ்டேஜ் வைத்துக்கொள்வோம். ஒருவழியில் கொடுக்கக்கூடிய டிக்கெட்டுகள் 6 வகை. ஒவ்வொரு ஸ்டேஜிலும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது மட்டும் போதாது, யார் இறங்காமல் தொடர்ந்தார்கள் என்றும் தெரிய வேண்டும். முழுப் பயணத்துக்குள் சிறு பயணங்கள் இருந்தாலும் அது ஒரே டிக்கெட்தான், கிழித்துப் பங்கு போட முடியாது.

மூன்று புள்ளிகளை அம்புகளால் நேர்கோடாக இணைத்த படத்துக்கும் பிரியாத துண்டுகள் அதே 6. எந்தெந்தப் படங்களுக்கு இவை எண்ணி முடிக்கக்கூடியவை என்பதை 1972-ல் காப்ரியேல் முழுமையாகக் கண்டறிந்தார். ஈ-8 எனப்படும் எட்டுப் புள்ளிப் படத்துக்கு 120. பெரும்பாலான படங்களுக்கு முடிவே இல்லை.

நாளை வகுப்புக்குப் போனதும் அந்த 6-க்கு 4 அட்டையை மறுபடி எடுங்கள். முதல் சுற்றில் விடுபட்ட குழி ஒன்றில் வேப்பங்கொட்டையை வைத்து அதே முறையில் தொடரச் சொல்லுங்கள். மீதி 12-உம் நிரம்பும். எத்தனை வகைக் கொட்டை தேவைப்பட்டது? இரண்டு. 6, 4 ஆகியவற்றின் மீ.பெ.கா.-வும் இரண்டு. அடுத்து 6-க்கு 3 அட்டைக்கு எத்தனை வகைக் கொட்டை வேண்டும் என்பதைப் பிள்ளைகளே முன்கூட்டிச் சொல்லட்டும்.